பாலை மரத்துப் பாம்பும் என் இடது காலும்

9.6.03 திங்கள்

சோளகக் காற்று விடிய முன்னமே தொடங்கிவிட்டது. பல்லுக்குள் மண். காசிம் நானாவின் காணி, மூன்றாம் பாதை. முழங்காலில் நின்று மிதிவெடி தேடல். இன்று அகப்பட்டவை: இரண்டு ஆணி, சைக்கிள் மணி மூடி ஒன்று.

பதினொரு மணி இருக்கும். முகக்கவசத்துக்கு முன்னால் மேலிருந்து ஏதோ வந்தது. நேரே விழவில்லை. சரிந்து, நெளிந்து, பாவாடை நாடா மாதிரித் தட்டையாக. மஞ்சள், கறுப்பு, இடையிடையே செங்கல் நிறம். பாம்பு! துள்ளி எழும்பிவிட்டேன். பின்னால் ஓரடி வைத்தேன். அல்லது பக்கத்தில். தெரியவில்லை.

பிறகு பார்த்தால் இடப்பக்கத்துச் சிவப்புத் தலைக் குச்சி சாய்ந்து நிற்கிறது. குச்சிக்கு இந்தப் பக்கம் நாங்கள் சோதித்து முடித்த நிலம். அந்தப் பக்கம் சோதிக்காதது. என் கால் எந்தப் பக்கம் போனது? குச்சியைச் சாய்த்தது காற்றா, பாம்பா, என் குதிக்காலா?

பின்னால் காவலுக்கு நின்ற சுதா அந்த நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாம்பைக் காணவில்லையாம். சாய்ந்த குச்சியைத்தான் கண்டாளாம்.

விதி: கால் வெளியே போனால் அசையக்கூடாது. கண்டவர் விசில் ஊத வேண்டும். மாசியில் முகக்கவசத்தைத் தூக்கியதற்கு எனக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை. இரண்டாவது விழுந்தால் வீடுதான். வீட்டில் அம்மா, படிக்கிற தங்கச்சி. உழைப்பு என்னுடையது மட்டும்.

சூப்பர்வைசர் அண்ணை (இனிமேல் சூ. அண்ணை) அறிக்கை எழுத வந்தார்.

"பாம்பு விழுந்தது எண்டு போடுறன்."

"விழேல்லை அண்ணை. பறந்து வந்தது."

"பாம்பு எங்க பிள்ளை பறக்கிறது? கிட்ட நிக்கிற மரம் அந்தப் பாலை ஒண்டுதான். முப்பதடி தள்ளி நிக்குது. விழுந்தா அதுக்குக் கீழயெல்லோ விழும்?"

அதாவது, பாம்பு பறக்காவிட்டால் பாம்பே இல்லை. பாம்பே இல்லாவிட்டால் காலை வெளியே வைத்துவிட்டு நான் கதை கட்டுகிறேன். வாயால் சொல்லவில்லை. முகம் சொன்னது.

10.6 செவ்வாய்

அறிக்கை இன்னும் மேலே போகவில்லை. முடிவு வரும்வரை பாதைக்குள் இறங்க விடமாட்டார்களாம். குச்சிகளுக்குச் சிவப்புப் பெயின்ற் அடிக்கிறேன். மத்தியானம் பாணும் பருப்பும். தலையிடி.

ஆளுக்கொரு கதை:

அம்மா: "வயசு போன நாகம் கட்டையாகிச் செட்டை முளைச்சுப் பறக்கும். தலையில மாணிக்கம் இருந்ததோ, பாத்தனியே?"

சுதா: கொம்பேறிமூக்கனாம். கடித்துவிட்டு மரத்தில் ஏறி இருந்து, சுடலையில் புகை வருகிறதா என்று பார்க்குமாம். "யோகாக்கா, காலை வடிவாப் பாருங்கோ." பார்த்தேன். ஒரு கீறல். முந்தியே இருந்ததா?

சமையல் அக்கா: "வெய்யிலுக்குத் தலை சுத்தியிருக்கும்."

எனக்கே அப்படி ஒரு சந்தேகம் வரத் தொடங்கிவிட்டது. எரிச்சல். கண்டதைக் கண்டேன் என்று சொல்லக்கூட ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

11.6 புதன்

பெயின்ற் அடிக்கிற கொட்டிலிலிருந்து பாலை மரம் நன்றாகத் தெரியும். பார்த்தவை:

9.20 - அடிமரத்தில் பாம்பு! அதேதான். மூன்றடி வரும், மெல்லியது. மரத்தைச் சுற்றிப் பிடிக்கவில்லை. பட்டை வெடிப்புகளில் வயிற்றைக் கொளுவிக் கொளுவி நேரே ஏறுகிறது.

9.50 - பொந்து வாசலில் பல்லி பிடித்தது. உடனே விழுங்கவில்லை. மென்றபடி வைத்திருந்தது. பல்லி மெல்ல மெல்ல அடங்கியது. கொஞ்சம் விஷம் உண்டு போல.

10.40 - கொப்பு நுனி. பாதி உடம்பு கீழே தொங்க, தலை மட்டும் மேல் நோக்கி.

10.45 - தன்னைத் தானே எறிந்தது. வயிறு உள்ளே குழிந்து உடம்பு அகன்றது. காற்றில் நீந்தி, நானாவின் இடிந்த கடைச் சுவர்வரை வந்தது.

கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கும்போது கல் இடுக்குக்குள் போய்விட்டது. சுதா என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை.

செட்டை இல்லை. சரிந்து இறங்கியதே தவிர மேலே எழும்பவில்லை. அப்படியென்றால் பறந்ததா, விழுந்ததா? சூ. அண்ணை சொன்னதும் சரியோ? முன்பைவிடக் குழப்பம்.

12.6 வியாழன்

காற்று, காற்று. காசிம் நானா இன்றும் எல்லை றிபனுக்கு வெளியே நிற்கிறார். தொண்ணூறில் துரத்தப்பட்டுப் போன புத்தளத்திலிருந்து திரும்பி வந்து வீதிக்கு அந்தப் பக்கம் தறப்பாள் கொட்டிலில் இருக்கிறார். தன் மரத்துப் பாலைப்பழம் கொட்டிக் கிடக்கிறது, உள்ளே போய்ப் பொறுக்க முடியவில்லை. பாம்பைப் பற்றிக் கேட்டேன்.

"அது வாப்பா காலத்திலயே இருக்கு மகள். கடை ஓட்டுக்குப் பல்லி தின்ன வரும். மனிசருக்கு ஒண்டும் செய்யாது."

கையைப் பிடித்துக் கும்பிடலாம் போல இருந்தது. சூ. அண்ணையிடம் கூட்டிப்போனேன். சிரிக்கிறார்.

"நானா, காணி கெதியாக் கிடைக்க வேணும் எண்டு நீங்கள் யானை பறக்குது எண்டும் சொல்லுவியள்."

"அப்ப நாளைக்கு வந்து நிண்டு பாருங்கோவன்!" என்றேன். கொஞ்சம் உரத்துத்தான். நல்லவேளை, நானா இருமிச் சமாளித்தார். சரி, தேத்தண்ணி நேரம் பார்ப்போம் என்றார் சூ. அண்ணை.

13.6 வெள்ளி

10.30, தேத்தண்ணி நேரம். சோதித்து முடித்த பாதையில் எட்டுப் பேர் வரிசையாக. நாள் முழுக்க நிலத்தையே பார்க்கிற ஆட்கள், எல்லாரும் அண்ணாந்து. சூ. அண்ணை கையில் கோப்பையோடு எனக்கு முன்னால். பத்து நிமிடம். ஒன்றுமில்லை. யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள்.

வந்தது. காற்று தள்ள, எங்கள் தலைக்கு மேலாலேயே வந்தது. "ஐயோ, உண்மைதானடி!" என்று சுதா. எல்லாரும் குனிந்தார்கள். சூ. அண்ணை மட்டும் பின்னால் ஓரடி வைத்தார்.

அவருடைய இடது கால் சிவப்புக் குச்சிக்கு அந்தப் பக்கம். குச்சி சாய்ந்திருந்தது.

மற்ற எல்லாரும் பாம்பு போன திசையைப் பார்க்கிறார்கள். கண்டது நான் மட்டும். அவர் என்னைப் பார்த்து மெதுவாக, "பிள்ளை, கால் உள்ளுக்கதானே?" என்றார்.

அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை நானும் இப்படித்தான் நின்றேன்.

விசில் ஊதினேன். "அசையாதேங்கோ அண்ணை!"

சுதா டிடெக்டரோடு அவருடைய குதிக்கால்வரை சோதித்துப் போனாள். நாற்பது நிமிடம். இடையில் ஒருமுறை சத்தம். மீன் ரின் மூடி. அவருடைய சேர்ட் முதுகு முழுதும் நனைந்திருந்தது.

வெளியே வந்ததும், "ஏன் பிள்ளை ஊதினனீர்? பாம்பை எல்லாரும் கண்டாச்சு. பேசாம நிண்டிருந்தா உம்மட பிரச்சினை இண்டையோட முடிஞ்சிருக்குமே" என்றார். கோபமா, நன்றியா, விளங்கவில்லை.

திங்கட்கிழமை அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். 'விழுந்தது' என்பதை வெட்டிப் 'பறந்து வந்தது' என்று எழுதினேன். அதற்குக் கீழே: 'என் இடது கால் வெளியே போனது. அந்த இடத்தையும் சோதிக்கவும்.' கையெழுத்து.

வாசித்தார். தன் கால் பற்றிய தாளையும் அதோடு சேர்த்து மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். மேலே அனுப்புவாரா, கிழிப்பாரா? நாளைக்கு வாரும் என்று சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அம்மாவுக்குப் பாம்பு மட்டும்தான் தெரியும். கால் வெளியே போனதை இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை. ஆறரைக்கு எங்களை ஏற்றுகிற வாகனம் சந்தியால் போகும். போய் நிற்பேன். வாகனத்தை நிற்பாட்டுவார்களோ தெரியாது.