கடையில் வாங்கிய கம்ப்யூட்டர்

செல்லக்குட்டிக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. நீயும் அப்பாவும் பார்ட்ஸ் வாங்கி, அவர் இப்போது தனியாக இருக்கும் வீட்டில் வைத்து உன் கேமிங் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்வதாக இருந்தீர்கள். அதற்குள் நான் முந்திக்கொண்டு கடையில் ரெடிமேடாக ஒன்றை வாங்கிவிட்டேன். "அதே பட்ஜெட்தான், அலைச்சல் மிச்சம்" என்றேன். உன் அலைச்சலை நினைத்து வாங்கவில்லை; நீ அங்கே போகாமல் இருக்கத்தான் வாங்கினேன்.

நேற்று உன் கேம் திக்கித் திணறி ஓடியது. "ஸ்லோவா இருக்கா?" என்றேன்.

"இல்லம்மா, சூப்பரா இருக்கு."

நீ குறை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இன்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை உன்னை அனுப்புவதாகச் சொன்னேன். "ராத்திரி இங்கயே தங்கட்டுமா?" என்று தயங்கிக் கேட்டார்.

"தங்கட்டும்" என்றேன்.

பார்ட்ஸை இருவரும் அவசரப்படாமல் மாட்டுங்கள்.

அம்மா