காது சூடானது மட்டும் போதாது

அன்பு மகள் பட்டாணிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் முழங்காலைத் தவிர. நீயும் சுகம்தானே என்று கேட்கப் போனால், உன் போன கடிதம் குறுக்கே வந்து நிற்கிறது. பரிசோதனையில் இன்னொரு ஆடும் போய்விட்டது, இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன், மாதக் கடைசியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அம்மா அன்றைக்கே உன் அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டாள். பதில் எழுத எனக்கு இப்போதுதான் ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு பசுவை வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். கன்று போட்டு நான்கு நாள், கருப்பையில் சீழ், கிருமி ரத்தத்தில் ஏறி உடம்பே அதிர்ச்சியில் இருந்தது. காது ஐஸ் மாதிரி. டாக்டரம்மா ஊசி போட்டு, சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போனார். மதியத்துக்குள் காது சூடாகி, நாடியும் திரும்பிவிட்டது. இருபத்தெட்டு வருஷ உதவியாளன் அல்லவா உன் அப்பா, எல்லாம் தெரிந்தவன் போல மாட்டுக்காரம்மாவிடம் "பொழைச்சிடுச்சு, கவலைய விடுங்க" என்று சொல்லி சலைனைக் கழற்றிவிட்டேன். கை கழுவும்போதுதான் நீ எழுதியது சுரீர் என்றது. இதே மாதிரி கிருமி ரத்தத்தில் ஏறிய உன் ஆடுகளுக்கு, ரத்த ஓட்டம் நன்றாகத் திரும்பிய பிறகும் சிறுநீரகத்தின் உள்பக்கம் ஆக்சிஜன் போதாமல் திணறியது, வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது என்று எழுதியிருந்தாயே. திரும்பிப் போய்ப் பார்த்தால், பசுவுக்கு அடியில் காலையில் போட்ட வைக்கோல் அப்படியே காய்ந்து கிடக்கிறது. மூத்திரம் ஒரு சொட்டு இல்லை. ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். திட்டினார், நியாயமான திட்டுதான். மறுபடி சலைன் ஏற்றி, சிறுநீரகத்துக்கு ஆகாத ஒரு மருந்தையும் நிறுத்தினார். நான் வாளியோடு பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலரை மணிக்குப் பெய்தது பார், வாளியில் பாதி, என் சட்டையில் பாதி! மாட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே "மூத்திரத்துக்கு இப்படி சந்தோஷப்படற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றார். இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று டாக்டரம்மா கேட்டார். என் மகள் என்றேன்.

உன்னை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது எனக்கு. நான் காதைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியான இடத்தில் நீ உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாய். வருவதும் இருப்பதும் உன் இஷ்டம், அறை தயார். ஆனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டாயே, அந்தப் பசு இன்று காலை எழுந்து நின்று கன்றுக்குப் பால் கொடுத்தது.

நீ நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் அம்மா. தண்ணீர் நிறையக் குடி. ஆட்டுக்கு அளந்து பார்க்கிறாய், உனக்குப் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
இரண்டு தடவை துவைத்தும் சட்டை நாற்றம் போகாத
உன் அப்பா