மருமகனுக்குப் பிடித்த வைசர்

பிப்ரவரி 6, சனி
தலைநகர் சுவாவிலிருந்து டோர் வைசர் வந்துவிட்டது, ஜன்னலுக்கு மேலே ஒட்டும் பிளாஸ்டிக் மழைத்தடுப்பு. நான்கு கதவுக்கும். இனி மழையிலும் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைக்கலாம். ஏசி செத்துப்போன பிக்கப்பில் ஜன்னலை மூடினால் கண்ணாடி முழுக்க ஆவி, திறந்தால் மடியில் குளம். போன வாரம் தாழ்ந்த பாலத்தில் ஒன்றும் தெரியாமல் சக்கரம் விளிம்புக்குப் போய்விட்டது. பின்னால் சேம்பு மூட்டைகளோடு சந்தைக்கு வந்த பெண்கள். வசேமதா இறங்கி நின்று, “இன்னொரு தடவை இப்படி ஓட்டினா வேற பொண்டாட்டி பாத்துக்குங்க” என்றாள்.

பிப்ரவரி 7, ஞாயிறு
சுட்டெரிக்கும் வெயில், வைசர் ஒட்ட ஏற்ற நாள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது. ஆண்டவரே, நீருமா?

பிப்ரவரி 8
மழை.

பிப்ரவரி 10, புதன்
மாலையில் மழை விட்டது. கொட்டகைக்குள் வண்டியை ஏற்றி, கதவு விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, டேப்பை உரித்து ஒட்டினேன். அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வீங்கிவிட்டது. ஒரு நாள் அசையாமல் காய வேண்டும்.

பிப்ரவரி 11, வியாழன்
காயவில்லை. காய விடவில்லை!
அக்கா மகன் எரோனி வந்தான். அவனுக்கும் இதே பிக்கப். வைசரைத் தடவிப் பார்த்தான். “மாமா, சூப்பரா இருக்கே. எனக்குப் புடிச்சிருக்கு.”
அவ்வளவுதான். சகோதரி மகன் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் அது அவனுடையது. மறுத்தால் ஊர் காறித் துப்பும். பசை பிடிக்காததால் ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில் அவன் கையோடு வந்தது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வசேமதா அவனுக்குத் தேங்காய்ப்பாலில் மீன் ஆக்கிப் போட்டாள். மீன் வேறு!
இந்த வழக்கத்தை எவன் கண்டுபிடித்தானோ, அவனுக்கு அக்கா தங்கை இருந்திருக்க முடியாது.

பிப்ரவரி 13, சனி
சந்தை. மழை. ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். பாலத்துக்கு முன்னால் வசேமதா இறங்கி, நனைந்துகொண்டே நடந்து கடந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைக் குத்தினேன். வீட்டில் கத்தித் தீர்த்தபோது அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, “ஏன், நீங்க யாருக்கும் மருமகன் இல்லையா?” என்றாள்.
ஆமாம். ஏன் எனக்குத் தோன்றவில்லை?

பிப்ரவரி 15, திங்கள்
அம்மாவின் ஊருக்குப் போனேன். தனியேலா மாமா வண்டியிலும் வைசர் உண்டு. என் வண்டி மாடல்தான்.
“மாமா, இந்த வைசர் எனக்குப் புடிச்சிருக்கு.”
“புடிச்சிருந்தா எடுத்துக்கடா மருமவனே, கேக்கணுமா?” அவரே தூண்டில் நரம்பைக் கொண்டுவந்து டேப்பை அறுத்துக் கொடுத்தார்.
உள்ளேயிருந்து மாமி, “அப்ப வியாழக்கிழமை என் கால் புண்ணுக்குக் கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது? மழையில உங்களுக்கு ரோடே தெரியாதே” என்றாள்.
“சும்மா இருடி.”
மாமா பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 16
புது டேப் போட்டு ஒட்டினேன். நன்றாக உட்கார்ந்துவிட்டது. சனியன்.
திருப்பிக் கொடுக்கவும் முடியாது. மாமன் கொடுத்ததைத் திருப்பினால் அவரைச் செருப்பால் அடித்த மாதிரி. எரோனி, உன்னால்டா எல்லாம்! — அவனால் மட்டும்தானா?

பிப்ரவரி 18, வியாழன்
விடிந்ததும் மாமா வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தேன். கொட்டும் மழை. மாமி பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள். மாமா என் பக்கத்தில். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. கண்ணாடி சுத்தம். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.
பாலம் தாண்டியதும் மாமா ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.
“நல்ல வைசர்டா மருமவனே. எங்க வாங்கின?”
மாமி சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கியது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அடுத்த வியாழனும் நான்தான் போக வேண்டும்.