சிவப்பு ஸ்வெட்டர் காட்டிக் கொடுத்தது

14 ஜூன் 1979, வியாழன்

தூக்கம் வரமாட்டேன் என்கிறது. இன்று மலைமேல் இருக்கும் எங்கள் கல்லூரியைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பௌதிகத் துறையில் மூன்றே பேர் படிக்கிறார்கள். ஆள் சேராவிட்டால் துறையை மூடிவிடுவார்கள், சரோஜா டீச்சருக்கு வேலை போய்விடும்.

யோசனை என்னுடையதுதான். அதிகாரி சரித்திர வகுப்பைப் பார்த்துவிட்டுப் போனதும், சரித்திரக்காரர்களான நாங்கள் பனிமூட்டத்தில் பின்பக்கமாக ஓடிப் பௌதிக வகுப்பில் உட்கார்ந்துகொண்டோம். என் சிவப்பு ஸ்வெட்டரைக் கழற்றத்தான் மறந்துவிட்டேன்.

அவர் நேரே என்னிடம் வந்தார். “தம்பி, நீ எத்தனை துறையில படிக்கிற?”

“எல்லாத்துலயும்தான் சார். எஸ்டேட் பையன், துரைக்கே பயப்பட மாட்டேன், துறைக்கா பயப்படுவேன்?”

சிரித்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது. பிறகு டீச்சரிடம், “துறை இருக்கட்டும். ஓடி வந்த இவங்க எல்லாரும் இனிமே இங்கயே படிக்கட்டும்” என்றார்.

அவர் கார் ஏறியதும் டீச்சர் என் காதைத் திருகினார். “ஸ்வெட்டரக் கழட்டிட்டு வந்திருக்கலாம்லடா?”

“குளிருது லா டீச்சர்!”

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

துறை பிழைத்துவிட்டது. நாளைக் காலை முதல் பாடமே பௌதிகம். கூட ஓடிவந்த முனியாண்டி என்னை உதைக்கக் காத்திருக்கிறான். இருந்தாலும் சிரிப்பு அடங்கவில்லை.