புல்வெளியில் பத்துச் சுற்று

மதிப்பிற்குரிய முன்னாள் நிலைய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஓய்வு பெற்று வீட்டில் நலமாக இருப்பீர்கள். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை படிக்க உங்களுக்குத் தெம்பு வேண்டும்.

வானொலி நிலையத்தில் செய்தி வாசிப்பவர்களுக்கு நீங்கள் போட்ட சட்டம் நினைவிருக்கும். காலை ஏழு மணிச் செய்திக்கு முன்னால் எல்லாரும் நிலையத்துப் புல்வெளியில் பத்துச் சுற்று நடக்க வேண்டும். நல்ல காற்று நெஞ்சில் இறங்கினால் குரல் திறக்கும் என்பீர்கள். மற்றவர்களுக்குத் திறந்திருக்கலாம். எனக்கு மூக்குதான் திறந்தது. வருடத்தில் பத்து மாதம் ஒன்றும் இருக்காது. புல் பூக்கும் இரண்டு மாதம் வந்துவிட்டால் அடுக்குத் தும்மல், கண்ணில் அரிப்பு, மூக்கில் தண்ணீர். "உனக்குச் சளிய்யா. இன்னும் பத்து சுத்து சேத்து நட, சரியாப் போயிடும்" என்றீர்கள். மேசை இழுப்பறையிலிருந்து சளி மாத்திரையும் எடுத்துக் கொடுத்தீர்கள். அக்கறை என்று நம்பி விழுங்கினேன்.

படகு கவிழ்ந்து பதினொரு பேர் இறந்த செய்தியை நான் வாசித்த காலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாத்திரை மயக்கத்தில் நாக்கு தடித்து இரண்டு முறை குழறினேன். மூன்றாம் முறை மைக்கிலேயே தும்மினேன். செய்தி முடிந்ததும் கதவைத் திறந்துகொண்டு வந்து என் சிவந்த கண்ணைப் பார்த்தீர்கள். கிட்ட வந்து முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டியா?" என்று ஒலிப்பதிவாளர் முன்னால் கேட்டீர்கள். அதையே அறிக்கையாகவும் எழுதினீர்கள். அன்றைக்கு ஒலிநாடாக் கிடங்குக்குப் போனவன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் தெருவில் என் மனைவிக்குக் குடிகாரன் பெண்டாட்டி என்று பெயர். எங்கள் வீட்டில் பாட்டில் என்று இருந்தது இருமல் மருந்து ஒன்றுதான்.

கிடங்கில் அலமாரிக்கு அலமாரி தூசி. ஆனால் தும்மல் இல்லை. அது ஏன் என்ற கேள்விதான் என்னை ஒரு மூக்கு மருத்துவரிடம் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த அம்மா கேட்டது நாலைந்து கேள்வி. காய்ச்சல் உண்டா, மூக்கில் வருவது கெட்டியா தண்ணீரா, கண் அரிக்கிறதா, மழை பெய்தால் குறைகிறதா, வருடா வருடம் அதே மாதமா. பிறகு முன்கையில் தூசி, புல் என்று ஒவ்வொன்றின் சாற்றையும் சொட்டுச் சொட்டாக வைத்து ஊசி முனையால் தொட்டார். புல்லுக்கு வைத்த இடம் மட்டும் கொசு கடித்தது போலத் தடித்தது. "இது சளியே இல்லைங்க. புல்லோட மகரந்தம் உங்களுக்கு ஒத்துக்கல. ஹே ஃபீவர்னு பேரு, ஆனா காய்ச்சலெல்லாம் வராது" என்றார். என் வேலையைத் தின்ற வியாதியைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இனி உங்கள் வீட்டு விஷயம். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சட்டம் நீடிக்கிறது. பயிற்சி வாசிப்பாளராகச் சேர்ந்திருக்கும் உங்கள் மகள் மூன்று வாரமாகப் புல்வெளியில் தும்மிக்கொண்டே சுற்றுகிறாள். கிடங்கு ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். மறைப்பானேன், சந்தோஷப்பட்டேன். பார்க்க வசதியாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

நேற்று அவள் பழைய நாடா கேட்கக் கிடங்குக்கு வந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. "இங்க உக்காந்தா மட்டும் மூக்கு அடங்கிடுது, அங்கிள். அப்பா குடுக்கிற மாத்திரையப் போட்டா நாக்கு மரக்கட்டை மாதிரி ஆயிடுது. எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க" என்றாள். இன்னும் இருபது நாளில் அவளுக்குக் குரல் தேர்வு. தேறாவிட்டால் வேலை இல்லை.

அவளிடமே சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. அதை அவள் உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும்.

அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். நாளைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மூக்கில் அடிக்கும் மருந்து தருவார்கள். அது முழுதாக வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், ஒரு நாளும் விடக் கூடாது. தலையைக் கொஞ்சம் குனிந்து, மூக்கின் நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். உறிஞ்சி இழுக்கக் கூடாது. தூக்கம் வராத மாத்திரைகளும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். வெளியே போய் வந்தால் முகமும் தலையும் அலசட்டும். துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்துங்கள். புல்வெளிப் பக்கம் அவள் போகவே கூடாது. ஏன் என்று கேட்பாள். அப்பா போட்ட சட்டம் தப்பு என்று சொல்லுங்கள். வேறு பதில் கிடையாது.

திங்கட்கிழமை வரை பார்ப்பேன். அன்றைக்கும் அவள் அங்கே நடந்தால், என்னைப் பற்றிய உங்கள் அறிக்கையின் நகலை அவள் கையில் கொடுத்து மிச்சத்தை நானே சொல்லிவிடுவேன். பெண்ணைக் காப்பாற்றுவது எப்படி என்று எனக்குத் தெரியும். உங்களைக் காப்பாற்றும் உத்தேசம் எனக்கு இல்லை.

அவளுக்கு நல்ல குரல். பதறாத குரல். அது ரொம்ப காலம் காற்றில் இருக்கட்டும்.

இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது என்று அவள் உங்களைக் கேட்பாள். அந்தப் பெயரை நீங்கள்தான் உச்சரிக்க வேண்டும். அதனால் கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.