தனி இலையில் ஒரு வெள்ளைப் பிடி

வடக்குச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்.
சுக்ல வருஷம், தை மாதம் 2ஆம் தேதி
(15-1-1930)

சிரஞ்சீவி சக்ரபாணிக்கு அக்கா செங்கமலம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இன்று விடிவதற்கு முன் எழுந்து, முதல் காரியமாகக் கொல்லையில் மஞ்சள் இலை அறுத்தேன். வேதவதிக்கும் கோதைக்கும் பெரிய இலைகளாக ஆறு. பிறகு வழக்கம்போலச் சின்னதாக ஒன்று, தனியாக. இங்கு எல்லோரும் க்ஷேமம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வரி வரவில்லை.

உன் மனைவியும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறார்கள். நாகபுரிக் குளிரில் வெடித்திருந்த கோதையின் கன்னம் காவேரி ஸ்நானத்தில் சரியாகிவிட்டது. பத்து வயதுக்கு நல்ல வளர்த்தி. நேற்றுப் பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டினவள் அவள்தான். பகல் முழுவதும் என் பள்ளிக்கூடத்து அட்லாஸை விரித்து வைத்துக்கொண்டு, ரயில் எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்று விரலால் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மாசி மாதம் பத்தாம் தேதி கல்யாணம்.

போன வாரம் நீ அம்மாவுக்கு எழுதிய கடிதம் வந்தது. ஏப்ரல் முதல் தேதி சாரதா சட்டம் அமலுக்கு வந்துவிட்டால் பதினாலு வயது நிரம்பும் வரை பெண்ணை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், அதற்குள் முடித்துவிட வேண்டும், நம் வழக்கம் நம் தலைமுறையோடு போய்விடக் கூடாது என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதியிருந்தாய். உறையூர்ச் சம்பந்திகள் பழைய காலத்து மனிதர்கள், ஆகையால் அக்கா அந்த நாலு நாளும் மாடியிலேயே இருந்துகொள்ளட்டும், முன்னால் வர வேண்டாம், நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதை எப்படி மறந்தாய்? அப்பா போன இந்த எட்டு வருஷமாக உன் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறவள் நான்தான். அந்த வரியையும் நிறுத்தாமல் படித்தேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பக்குவமாகச் சொல்லும் சிரமம் அவளுக்கு மிச்சம்.

நிற்க. இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

கனு என்றால் பெண்கள் தங்கள் உடன்பிறந்தான் நன்றாக இருக்க வேண்டும் என்று காக்கைக்குச் சோற்றுப் பிடி வைக்கிற நாள். உனக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்தி. பதினோரு வயதில் தாலி இழந்தவள் கனு வைக்கக் கூடாது. ஆகையால் நீ பிறந்து இந்த முப்பது வருஷத்தில் உனக்காக யாரும் முறையாகக் கனு வைத்ததில்லை. இருந்தும் ஆபீசில் நாலு குமாஸ்தாக்களை அதட்டிக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறாய்!

ஆனால் நம் அகத்தில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள், சிவப்புப் பிடிகளை எல்லாம் மொட்டை மாடியில் கிழக்கே வைத்தான பிறகு, வடக்கு மூலையில் கொள்ளிடத்தைப் பார்த்துத் தனி இலை. அதில் ஒரே ஒரு வெள்ளைப் பிடி. உப்பு கிடையாது, மஞ்சள் கிடையாது. கனு வைக்கக் கூடாத என்னை அதை மட்டும் வைக்கச் சொல்வார்கள். சென்னையில் படித்த வருஷங்கள் போக மற்ற எல்லா வருஷமும் நான்தான் வைத்திருக்கிறேன். பித்ருக்களுக்கு என்பாள் அம்மா. பித்ருக்களுக்கு என்றால் ஆண்கள் அல்லவா வைக்க வேண்டும் என்று ஒரு தடவை கேட்டேன். அதற்கு அம்மா, "வழக்கம்னா வழக்கம். பி.ஏ. பாஸ் பண்ணிட்டா காக்காய்க்கும் காரணம் கேக்கணுமோ?" என்றாள். நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். எது எப்போது, யாரால் வந்தது என்று முப்பது பெண்களைக் கேள்வி கேட்கிறேன். என் கையால் வைத்த இலையைப் பற்றி இரண்டாவது தடவை கேட்கவில்லை. உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல்தான் இருக்க வேண்டும்.

இன்று காலை கோதை என் பின்னால் வந்தாள். நான் பிடியை வைத்துவிட்டு நிமிர்வதற்குள், "இது மட்டும் ஏன் அத்தை மொட்டையா இருக்கு? பாவம்!" என்று தன் கிண்ணத்திலிருந்து குங்குமத்தை எடுத்து அதன் தலையில் வைத்துவிட்டாள். வட்டமாக, அழகாகத்தான் வைத்தாள்.

அம்மா படியேறி வந்துகொண்டிருந்தாள். எழுபது வயதுக்காரி அத்தனை வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. குழந்தையின் கன்னத்தில் பளார் என்று அறைந்தாள். "அவளுக்கு ஆகாதுடி!" என்று கத்தினாள்.

அவளுக்கு என்றால் எவளுக்கு?

வேதவதி அழுகிற குழந்தையைக் கீழே அழைத்துப் போனாள். நான் அம்மாவை விடவில்லை. அவள் கிணற்றடிக்குப் போனாள், கூடப் போனேன். பூஜை அலமாரியைத் துடைத்தாள், பக்கத்தில் நின்றேன். கடைசியில், "தெரிஞ்சுண்டு என்னடி பண்ணப் போறே? போனவளைக் கூட்டிண்டு வரப் போறயா?" என்று சீறினாள். சீறிய வாயாலேயே சொல்லவும் சொன்னாள்.

அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாளாம். ரங்கம்மா என்று பெயர். உனக்குத் தெரியுமா? எனக்கு நாற்பத்திரண்டு வயதில் இன்றுதான் தெரியும். எட்டு வயதில் கல்யாணம், ஒன்பது வயதில் தாலி போயிற்று. பதின்மூன்று வயதில் ஒரு கனுவன்று, அண்ணாவுக்காக என்று யாருக்கும் தெரியாமல் மஞ்சளும் சிவப்புமாகப் பிடி பிடித்து மாடியில் வைத்திருக்கிறாள். அவளைப் பெற்ற தாயே பார்த்துவிட்டு அந்த இலையைக் காலால் தள்ளினாளாம். "உன் கை பட்ட சோறு என் பிள்ளைக்கு ஆகுமாடி, மூதேவி?" என்று கேட்டாளாம். குளித்துவிட்டு வருகிறேன் என்று கொள்ளிடத்துக்குப் போனவள் திரும்பவில்லை. முக்கொம்பில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள், வழுக்கிவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். வீட்டில் அவள் பெயரையே எடுக்கக் கூடாது என்று ஆயிற்று.

மறு வருஷம் கனுவன்று அப்பா சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். அவளுக்கு ஒரு பிடி வைத்தால்தான் எழுந்திருப்பேன் என்றாராம். பெரியவர்கள் யோசித்து வழி கண்டுபிடித்தார்கள். விதவைக்கு நிறம் ஆகாது, அதனால் வெள்ளை. சுமங்கலிகளோடு சேரக் கூடாது, அதனால் தனி இலை. அவ்வளவுதான் சக்ரபாணி, நம் வழக்கம் பிறந்த கதை. எந்த ஆசாரியரும் சொன்னதில்லை, எந்த சாஸ்திரத்திலும் இல்லை. செத்துப்போன பிறகும் அந்தக் குழந்தையை மூலையில் உட்கார வைத்துவிட்டு, ஐம்பது வருஷமாக நாம் அதைப் பண்டிகை என்று கொண்டாடியிருக்கிறோம்.

இன்னும் ஒன்று சொன்னாள். என் பதினோராம் வயதில் என் தலையை மழிக்க நாவிதனை வரவழைத்தபோது அப்பா வாசலில் நின்று அவனைத் திருப்பி அனுப்பினார் அல்லவா? நாலு வீதியும் நம் அகத்துக்கு வருவதை நிறுத்தியது. என்னைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். அப்பாவுக்கு இங்கிலீஷ் படிப்பு, அதனால் வந்த தைரியம் என்று நினைத்திருந்தேன். அன்று ராத்திரி அம்மாவிடம், "இந்த ஆத்துல இன்னொரு தனி இலை விழப்படாது" என்று சொன்னாராம்.

அப்படிச் சொன்னவரின் பிள்ளை நீ.

நீ கெட்டவன் இல்லை. குழந்தையின் ஜுரத்துக்கு ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறவன். அதனால்தான் எனக்கு இத்தனை கோபம் வருகிறது. கெட்டவனாக இருந்தால் எழுதாமல் விட்டிருப்பேன். நாகபுரி ஆபீசில் உனக்கு மேல் இருப்பவன் ஒரு வழக்கம் சொன்னால், எந்த ஆர்டர், எந்தத் தேதி என்று கேட்க மாட்டாயா? பத்து வயதுப் பெண் விஷயத்தில் மட்டும் ஏன் கேட்கவில்லை? மாப்பிள்ளைப் பையன் நல்லவனாகவே இருக்கட்டும். நூறு வயது இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்வேன். எனக்கு மாலையிட்டவருக்கும் அப்படித்தான் எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள்.

கோதையின் கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருக்கிறது. மத்தியானம் என்னிடம் வந்து, "நான் என்ன தப்புப் பண்ணினேன் அத்தை?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அம்மா சாப்பிடவே இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் அடுப்படியில் மீதியிருந்த மஞ்சள் சோற்றையும் சிவப்புச் சோற்றையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அந்தத் தனி இலையிலேயே, குங்குமம் வைத்த வெள்ளைப் பிடிக்குப் பக்கத்தில், உனக்காக ஏழும் ஏழுமாகப் பதினாலு பிடி என் கையால் வைத்தேன். என் ஆயுளில் முதல் கனு. காக்கைகள் வந்தன. அவை எந்தக் கை வைத்தது என்று பார்க்கவில்லை. இறங்கி வந்ததும் அம்மா திரும்பிப் பார்க்காமலே, "அவனுக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா?" என்றாள். இந்தக் கடிதத்தை நாளை திருச்சிக்குப் போகும்போது தபாலில் சேர்ப்பேன். சனிக்கிழமை நீ இதைப் படிக்கிறாய் என்றால் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அம்மாவுக்கு உன் கையாலேயே எழுது. நான் படித்துக் காட்டுகிறேன்.

இனி எழுதப்போவதை அம்மாவிடமோ வேதவதியிடமோ சொல்லவில்லை. மாசி பத்தாம் தேதி நான் மாடியில் இருக்க மாட்டேன். விதவை எதிரே வந்தால் மங்கள காரியம் தடைப்படும் என்பது நம் வழக்கம். வழக்கத்தை விடக் கூடாது என்று நீயே எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது நான் வாசற்படியில் நிற்பேன், கையில் அந்தத் தனி இலையோடு. யாருக்கு வைத்த இலை என்று வருகிற ஒவ்வொருவரிடமும் ரங்கம்மா அத்தையின் பெயரைச் சொல்வேன். வேறு முகூர்த்தம் பார்த்தால் அன்றைக்கும் நிற்பேன். ஏப்ரல் முதல் தேதி வரை எத்தனை முகூர்த்தம் பார்த்தாலும் அத்தனைக்கும் நிற்பேன்.

என்னை அங்கே நிற்கவிடாதே சக்ரபாணி. கல்யாணம் இப்போது இல்லை என்று ஒரு தந்தி அடி. பதினாலு வயதுக்கு மேல் அவளுக்கு எப்போது கல்யாணம் வைத்தாலும் உன் இஷ்டப்படி மாடியிலேயே இருந்து, அவள் காதில் விழாமல் வாழ்த்துகிறேன்.

நீயும் உன் குடும்பமும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். இன்றைக்கு இதைச் சொல்லும் முறை எனக்கு வந்திருக்கிறது.

இப்படிக்கு,
உனக்குக் கனு வைத்த அக்கா,
செங்கமலம்