இடுப்பாழத்தில் ஒரு காடு

12-6-1972
எவரும் நம்பப் போவதில்லை, ஆனாலும் சத்தியமாக எழுதுகிறேன்: விருத்தாசலம் பீங்கான் சூளைகளின் சக்கரவர்த்தி சக்கரபாணியாகிய நான், கடலைக் கண்ணால் காணாமலே கடலுக்குள் காடு வளர்க்கப் போகிறேன்.

காரணம் நீலாவதி. தங்கை மகள். எங்களோடு சூளையில் வேலை பார்த்த ஜெயராஜைக் கட்டிக்கொண்டு மண்டபம் பக்கம் போனவள். அங்கே கடல்பாசி பறிக்கிறாள். முதல் வருஷம் முழங்காலளவு தண்ணீரில் நின்றே பறித்தாளாம். ஊரே வேரோடு பிடுங்கியதில் கரையோரப் பாறைகள் மொட்டை. இப்போது மூச்சடக்கி முங்குகிறாள். இடக் காதில் ரத்தம் வந்து, அந்தக் காது போயே போய்விட்டது.

என் புளுகை நம்பிக் கேட்கும் ஒரே ஜீவன். மிச்சம் ஒரு காது.

20-6-1972
கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சு போடாத சொரசொரப்பான சுடுமண் பில்லைகள். பாசித் துண்டைக் கட்டிக் கடலில் இறக்கினால் பற்றிக்கொள்ளும் என்பது என் பேரறிவு. சூளையில் கூட வேலை பார்க்கும் கலியமூர்த்தி சிரித்தான்.
“என்னாண்ணே, சமுத்திரத்துக்குத் தரை போடுறீங்களா?”
“அரண்மனையேடா. வருணன் ஆர்டர்.”

2-7-1972
மண்டபத்திலிருந்து வந்த ஜெயராஜ் பில்லை மூட்டையோடு போனான். முழங்காலாழம், இடுப்பாழம், அதற்கு மேல் வேண்டாம் என்றேன். அவள் முங்கக்கூடாது, அவ்வளவுதான்.
“ஆழத்துல ஒண்ணே ஒண்ணு கட்டிப் பாக்குறேங்க மாமா.”
தொலையட்டும்.

9-9-1972
ஜெயராஜ் வந்தான். தண்ணீர் வற்றும்போதெல்லாம் வெயில் பட்டு, முழங்காலாழத்துப் பாசி வெளுத்துச் செத்துவிட்டதாம். இடுப்பாழத்தில்? “மழைக்கப்புறம் தழைக்குங்க மாமா.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

18-11-1972
மழை. இடுப்பாழத்துப் பில்லைகளை மணல் மூடிவிட்டதாம். அரண்மனை இடிந்தது. வருணன் கோர்ட்டுக்கா போகப் போகிறான்?

3-2-1973
ரயிலடியில் நீலாவதி. பின்னாலிருந்து “ஏ கழுதை!” என்று கத்தினேன். திரும்பவில்லை. எஞ்சின் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்— வேறென்ன நினைக்க?

வீட்டுக்கு வந்து துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பில்லை.
“ஆழத்துல கட்டினது மாமா. ஒன் காடு மொளைச்சிடுச்சி, பாரு!” தெருவுக்கே கேட்கும் குரல்.

ஜெயராஜ் மெதுவாகச் சொன்னான்: “ஒங்ககிட்ட காட்டணும்னு அவளே முங்கி எடுத்தா மாமா. அன்னிக்குத்தான் மத்தக் காதும்…”

5-2-1973
“கதை சொல்லு மாமா” என்றாள். திமிங்கிலங்கள் என் காட்டில் மேய வந்த கதையைச் சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டு, சிரிக்கக்கூடாத இடங்களில் சிரித்தாள். நானும் நிறுத்தவில்லை.

அரண்மனை, வருணன், திமிங்கிலம் எல்லாம் புளுகு. என் பில்லையில் விரல் நீளத்துக்குப் பாசி முளைத்தது மட்டும் நிஜம்.